மூன்றாவது மரத்து மங்கு

ஜப்பான்காரன் விட்டுப்போன செத்த லோரி ஒன்றை இழுத்து வந்து, அதன் வயிற்றுக்கு அடியில் மூன்று மாதம் படுத்துக் கிடந்து ஓட வைத்தவன் நான். சுங்கை லாலாங்கில் மர ஆலை போட்டவன் நான். "இவன் வாங்கின வாள் எத்தனை நாளைக்குச் சுத்தும்" என்று சிரித்தவர்கள் வீட்டுக் கதவும் நிலையும் பிறகு என் ஆலையிலிருந்துதான் போயின. நம் தோட்டத்துக் கோயிலுக்கு மண்டபம் கட்டினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்சுவர் எழுப்பினேன். வெள்ளம் கொண்டுபோன பலகைப் பாலம் இருந்த இடத்தில், "இங்கே தூண் நிற்காது" என்று படித்தவர்கள் கையை விரித்த பிறகு, தூண் நிறுத்திக் காட்டினேன். இன்றைக்கும் அதன்மேல்தான் போகிறீர்கள். இத்தனைக்கும் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். என் கையெழுத்து ஒரே மாதிரி விழவே முப்பது வயதாயிற்று.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்து மலர் என்று நீங்கள் அச்சுக்குக் கொடுக்கவிருக்கும் தாள்களை என் மகள் வாசித்துக் காட்டினாள். மண்டபம் "தோட்ட மக்களின் உழைப்பால் எழுந்தது" என்று போட்டிருக்கிறீர்கள். எந்த மக்கள்? எந்த உழைப்பு? சரி, அது கிடக்கட்டும். அதைவிடப் பெரிய தப்பு பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள் என்ற பட்டியலில் என் மாமாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்: "தண்டல் காட்டிக் கொடுத்ததால் பிடிபட்டவர்."

அந்த வரியைத் திருத்தத்தான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். இரண்டு இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

ஆறாவது லயத்து வீடுகளில் பிறந்து இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர்கள் நம்மில் ஏழெட்டுப் பேர் இருப்போம். உங்களுக்கு நினைவிருக்கும். ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பாதி ரப்பர்க் காட்டில் பால் வெட்டு நின்றுவிட்டது. மரத்தை வெட்டிச் சாய்த்து மரவள்ளிக் குச்சி நட்டார்கள். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, சாயங்காலம் கிழங்குத் தோலை அலசி ஒரு கூட்டு. உடம்பெல்லாம் சிரங்கு. சாக்கில் தைத்த கால்சட்டை தொடையை அறுக்கும். அதற்காகவே நாம் காலை அகட்டி அகட்டி நடப்போம். அந்த நடையைப் பார்த்து வாத்தியார் வாத்துக் கூட்டம் என்பார். அதே வாத்தியார்தான் காலையில் நம்மை ஜப்பான் ராஜா இருக்கும் கிழக்கே திருப்பி நிறுத்திக் குனிய வைப்பார். ஒருவன் தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தால் வரிசை முழுவதற்கும் அடி விழும். "ஒருத்தனுக்கு உள்ளது எல்லாருக்கும். அதான் இனிமே சட்டம்" என்பார். அவர் விரும்பிச் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா, தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது. ஒன்பது வயதில் நியாயம் என்றால் எனக்கு அந்த வரிசைதான். எல்லாத் தலையும் ஒரே உயரம்.

தண்டலைச் சொல்ல வேண்டும். ஆள் பிரித்து வேலை கொடுக்கும் தண்டல், நெடுநெடு என்று, முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய காக்கிக் கால்சட்டையோடு, விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் வாசிப்பார். அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. பால் எடுத்து முடித்ததும் ஒவ்வொரு மரத்திலும் பால் வடியும் பீங்கான் மங்கைக் கம்பியில் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்ந்த மங்கு ஒன்று கண்ணில் பட்டால் அவருக்குச் சாமி வந்துவிடும். "மழத்தண்ணி நிக்கும், கொசு முட்ட போடும், நாளைக்கி பால் கெட்டுப்போவும். யார் நெர இது?" என்று காடு அதிரக் கத்துவார். வெட்டு நின்றுபோன காட்டில்கூட அவர் கை சும்மா இருக்காது. போகிற வழியில் கவிழ்த்துக்கொண்டே போவார்.

பிறகு சயாமுக்கு ஆள் எடுக்கும் காலம் வந்தது. ரயில் பாதை போட மூன்று மாதம், அரிசியும் துணியும் கிடைக்கும், திரும்பிக் கொண்டுவந்து விடுவோம் என்றார்கள். ஒரு பெரட்டில் தண்டல் பேர் வாசித்தார். பக்கத்தில் இரண்டு ஜப்பான் சிப்பாய்கள் நின்றார்கள். வாசித்த பேர்க்காரர்கள் அப்படியே லோரியில் ஏறினார்கள். என் வயசுப் பையன் எதிர்வீட்டுக்காரனின் அப்பா வெறும் உடம்பில் தலைப்பாகைத் துணியோடு ஏறினார். அவன் அம்மா சட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் லோரி பாலம் தாண்டிவிட்டது. அந்தச் சட்டையை அவன் பிறகு போட்டுக்கொண்டு திரிந்தான். முட்டிவரை தொங்கும்.

என் மாமா பேரையும் வாசித்தார். மாமா அம்மாவின் தம்பி. எங்கள் அப்பா காய்ச்சலில் போன பிறகு வீட்டுக்கு ஆண் துணை அவர்தான். அன்று அவர் பெரட்டில் இல்லை. முந்தின நாளே புக்கிட் செலம்பாவ் பக்கம் ஓடிவிட்டார் என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். தண்டல் அவளைப் பார்த்தார். பட்டியலில் ஏதோ கோடு போட்டார். அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

மாமா எங்கேயும் ஓடவில்லை. வெட்டு நின்ற பழைய காட்டுக்கும் கால்வாய்க்கும் அப்பால் இருந்த புதருக்குள் கிடந்தார். இது தெரிந்தது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும். அப்படித்தான் நாங்கள் நினைத்தோம்.

அம்மா ஓர் அடையாளம் வைத்திருந்தாள். கால்வாய் ஓரத்து நிரையில் மூன்றாவது மரம். மங்கு நிமிர்ந்திருந்தால் வரலாம், வேர்ப்பொந்தில் சாப்பாடு இருக்கிறது. கவிழ்ந்திருந்தால் அசையக்கூடாது. மரம் சீவின கண்ணுக்கு நிமிர்ந்த மங்கும் கவிழ்ந்த மங்கும் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். ஜப்பான்காரனுக்கு அது வெறும் கோப்பை. அம்மா காலையில் கிழங்குக் காட்டுக்குப் போகும்போது மங்கை நிமிர்த்திச் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவாள். நான் கால்வாய் ஓரமாகக் கீரை பறித்துக்கொண்டிருக்க வேண்டும். பாலத்துப் பலகை கடகடவென்றால் லோரி வருகிறது என்று அர்த்தம். ஓடிப்போய்க் கவிழ்க்க வேண்டும். அது என் வேலை. இரண்டு முறை ஒழுங்காகச் செய்தேன். காற்றாகப் பறந்தேன் என்றே சொல்லலாம். அந்த லயத்தில் என்னைப்போல் ஓட ஆள் கிடையாது.

ஒரு நாள் தண்டல் அந்த நிரை வழியாக வந்ததைப் பார்த்தேன். மூன்றாவது மரத்துக்கு முன்னால் நின்றார். நிமிர்ந்த மங்கைப் பார்த்தார். இப்போது காடு அதிரப் போகிறது என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல், கையைக்கூட நீட்டாமல் போய்விட்டார். பசியில் கண் மங்கிவிட்டது போல என்று நினைத்தேன்.

எதிர்வீட்டுக்காரன் என்னை விடவில்லை. அப்பாவின் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே கேட்பான்.

"எங்கடா ஒங்க மாமா?"

"ஓடிட்டாரு."

"ஓடிட்டாரா? இல்ல, ஒங்கம்மா பொடவக்குள்ள பூந்துக்கிட்டாரா?"

"ஒதச்சிருவன்."

"ஒதலா, பாப்பம். எங்கப்பா ஆம்பள, லோரில ஏறுனாரு. ஒங்க மாமா பொட்டச்சி."

நான் உதைக்கவில்லை. உதைத்தால் வாய் தவறி உண்மை வந்துவிடும் என்று பயம். அந்த உதை காலிலேயே தங்கிவிட்டது.

இதற்கு நடுவில் கருவாடு வந்தது. அம்மா தன் ஒரே நல்ல சேலையைப் பக்கத்து மலாய்க்காரர் கம்பத்தில் கொடுத்துவிட்டு உள்ளங்கை நீளத்துக்கு ஒரு துண்டுக் கருவாடு வாங்கி வந்தாள். எத்தனை மாதம் கழித்து அந்த வாசனை! அவள் அதைச் சுட்டபோது நான் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் அதை இலையில் வைத்து, கிழங்கோடு சேர்த்து மடித்தாள்.

"எனக்கு?"

"மாமா மழையில கெடக்காரு சாமி. நீ வீட்டுக்குள்ள இருக்கல்ல."

"வால் மட்டும் குடும்மா."

"சுட்ட சட்டிய தொடச்சித் தின்னு. போ. மங்க மறந்துறாத."

சட்டியைத் துடைத்துத் தின்றேன். கரியும் உப்பும். அந்த உப்பு நாக்கில் இருக்கும்போதே காட்டுக்குப் போனேன்.

வெயில் ஏறிய நேரம். நான் கால்வாயில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். பாலத்துப் பலகை கடகடவென்றது. ஓடினேன். மூன்றாவது மரத்துக்கு வந்தேன். மங்கைத் தொட்டேன். அது வெயிலில் சுட்டது. கீழே வேர்ப்பொந்தில் இலை மடிப்பு, வாசனை மேலே வருகிறது.

கை நின்றுவிட்டது.

என்ன நினைத்தேன்? நன்றாக நினைவிருக்கிறது. எல்லாருடைய அப்பாவும் போனார்கள், இவர் மட்டும் ஏன் போகக்கூடாது என்று நினைத்தேன். ஒருத்தனுக்கு உள்ளது எல்லாருக்கும். போனால் மூன்று மாதத்தில் எதிர்வீட்டுக்காரன் அப்பாவோடு வந்துவிடுவார். நானும் தலை நிமிர்ந்து நடப்பேன். ஒளிந்ததற்கு அவர் கன்னத்தில் இரண்டு அறை விழும், அவ்வளவுதான். சயாமில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நம் தோட்டத்தில் அப்போது பெரியவர்களுக்கே தெரியாது. இதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். கையை எடுத்துவிட்டேன். கால்வாய்க்குத் திரும்பிப் போய்க் கீரை பறித்தேன்.

சிப்பாய்கள் இரண்டு பேர் தண்டலை முன்னால் விட்டு நடந்து வந்தார்கள். வெட்ட வேண்டிய மரங்களைப் பார்க்க வந்தவர்கள். ஆளைத் தேடி வந்தவர்கள் அல்ல. பாதையோடு போயிருப்பார்கள். தண்டல் அந்த மங்கைப் பார்த்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன். அவர் பாதையை விட்டு இறங்கி, கிறுக்குப் பிடித்த பழைய தண்டலைப்போலச் சத்தமாகத் திட்டிக்கொண்டே மூன்றாவது மரத்துக்கு நடந்தார். "எவன்டா மங்க நிமித்தி வச்சவன்?" சிப்பாய்களும் பின்னாலேயே வந்தார்கள். அவர் கையை நீட்டி மங்கைக் கவிழ்த்தார்.

அதற்குள் மாமா புதரை விட்டு வெளியே வந்து கால்வாய்க்குள் ஒரு காலை வைத்திருந்தார்.

சிப்பாய் கத்தினான். துப்பாக்கி நிமிர்ந்தது. மாமா நினைத்திருந்தால் திரும்பிப் பாய்ந்திருக்கலாம். ஆனால் அவருக்கும் துப்பாக்கிக்கும் நடுவில், கொஞ்சம் தள்ளி, தண்ணீரில் நான் நின்றேன். அவர் இரண்டு கையையும் தூக்கினார். சிப்பாய் என்னைக் காட்டி மலாயில் ஏதோ கேட்டான். இது யார் பிள்ளை என்று கேட்டிருப்பான். மாமா என்னை, வழியில் கிடக்கும் கல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "தா தாவு" என்றார். தெரியாது என்று அர்த்தம். அதுதான் அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிச் சொல். தண்டலுக்கும் ஓர் அறை விழுந்தது. அவர் தலையிலிருந்த குல்லா என் பக்கத்தில் வந்து தண்ணீரில் விழுந்தது.

மேட்டில் கிழங்கு நட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குத் தூரத்திலிருந்து என்ன தெரிந்தது? சிப்பாய்களை அழைத்துக்கொண்டு தண்டல் பாதையை விட்டு இறங்கினார், புதரை நோக்கிக் கை நீட்டினார், ஆள் பிடிபட்டார். அவர்கள் பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார்கள்.

அம்மா மண் கையோடு ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மங்க கவுத்தியாடா?"

"கவுத்தேம்மா."

அவள் போய்ப் பார்த்தாள். மங்கு கவிழ்ந்திருந்தது. "எம்புள்ள கவுத்திருக்கான்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "அந்தப் பாவிதான் பொதரக் காட்டியிருக்கான்." தண்டல் கவிழ்த்த மங்கு எனக்குச் சாட்சியாயிற்று. அந்த இலை மடிப்பை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு நான் எடுத்தேன். தின்றேன். எழுதிக்கொள், மகளே, தின்றேன் என்றுதான் எழுது.

மாமா மூன்று மாதத்தில் வரவில்லை. எதிர்வீட்டுக்காரன் அப்பாவும் வரவில்லை. மாதங்கள் கூடக்கூட என் கணக்கு மாறிக்கொண்டே வந்தது. முதலில், சொன்னால் அடி விழும் என்று சொல்லாமல் இருந்தேன். பிறகு, எல்லாரும் தண்டலைக் குற்றவாளி என்கிறார்களே, இத்தனை பெரியவர்கள் சொல்வது தப்பாக இருக்குமா என்று நானே நம்பத் தொடங்கினேன். அவர் ஏன் பாதையை விட்டு இறங்கினார்? இறங்காவிட்டால் சிப்பாய் வந்திருக்க மாட்டானே? சட்டத்தைக் கரைத்துக் குடித்த வக்கீல்கூட என்னைப்போல வாதாடியிருக்க மாட்டான்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன சேதி வந்த வாரம், தண்டலைப் பெரட்டு நிற்கும் இடத்துக்கே இழுத்து வந்தார்கள். நீங்களும் அங்கே இருந்தீர்கள். மங்குகளைக் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் மாலையாகப் போட்டார்கள். அவர் அசையும்போதெல்லாம் அது கிணுகிணுவென்றது. எதிர்வீட்டு அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். யாரோ ஒருவர், உங்களில் யார் என்று தெரியும், சொல்ல மாட்டேன், என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"மாமாவ பறிகுடுத்த வீட்டுப் பையன். இவன் மொதல்ல அடிக்கட்டும்லா."

என் கையில் ஒரு மங்கைத் திணித்தார்கள். தண்டல் என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தால் நான் செத்தேன். திறக்கப்போகிறார் என்றுதான் எறிந்தேன். கோபத்தில் எறிந்தேன் என்று எல்லாரும் நினைத்தீர்கள். பயத்தில் எறிந்தேன். புருவத்தில் பட்டு உடைந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. கூட்டம் கைதட்டியது. அவர் வாயைத் திறக்கவே இல்லை.

அன்று அம்மா எங்கிருந்தோ கருவாடு வாங்கி வந்து பொரித்தாள். முழுத் துண்டையும் எனக்கே வைத்தாள். "ஆம்பளப் புள்ள" என்றாள். வாயில் வைத்தேன், இறங்கவில்லை. இன்றுவரை நான் கருவாடு தொடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பணக்காரத் திமிர் என்று பேசிக்கொண்டீர்கள்.

தண்டல் குடும்பம் அந்த வாரமே மூட்டை கட்டியது.

அதன் பிறகு நடந்தது நான் மட்டும் அறிந்தது. எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. என் லோரியில் பலகை ஏற்றிக்கொண்டு பீடோங்கில் ஒரு கிடங்குக்குப் போனேன். வாசலில் காவலுக்கு ஜாகா உட்கார்ந்திருந்தார். புருவத்தில் தழும்பு. அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது.

"மரக்கட லோரியா? ஒன்னோடதா?"

"ஆமாங்கய்யா. சொந்தம்."

"நல்லா வந்திட்ட. அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

பலகை இறக்கி முடியும்வரை நான் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கி நீங்க ஏன்யா சொல்லல?"

அவர் எதைச் சொல்கிறாய் என்று கேட்கவில்லை.

"சொல்லி? ஒங்கம்மாவுக்கு தம்பி போயிட்டான். மிச்சம் நீ ஒருத்தன். அதையும் நான் புடுங்கணுமா?"

"ஒங்கள அடிச்சாங்களே."

"பேரு வாசிச்சவன்டா நான். ஒங்க மாமனுக்காக அடிச்சது தப்புதான். மத்த பேருக்கெல்லாம் யாரு வாங்குறது?" பிறகு லோரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பின் டயர் தேஞ்சிருக்கு, பாத்துப் போ" என்றார்.

அன்று எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று தோன்றியது. அவரே மன்னித்துவிட்டார், தீர்ந்தது என்று பாட்டுப் பாடிக்கொண்டு வண்டி ஓட்டினேன். சின்னப் பிள்ளை செய்தது பாவமா என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். அம்மா அதற்குப் பிறகும் இருபது வருடம் இருந்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் தம்பிக்குப் படைத்துவிட்டு, தண்டல் குலம் விளங்கக்கூடாது என்று மண்ணைத் தொட்டுச் சாபம் விடுவாள். நான் பக்கத்தில் நின்று சூடம் காட்டினேன். ஒன்பது வயதில் மங்கைக் கவிழ்க்காதது ஒரு முறை. அதன் பிறகு பெரிய ஆளாகி, லோரி வாங்கி, ஆலை வைத்து, அந்த இருபது பொங்கலிலும் கவிழ்க்காமல் நின்றேன். முதலாவதற்கு வயதைக் காரணம் காட்டலாம். இதற்கு எதைக் காட்டுவது? மண்டபத்தையா?

அந்தக் கணத்தில் என் கையை நிறுத்தியது எவ்வளவு நியாயம், எவ்வளவு கருவாடு என்று பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். நாற்பது வயதில் முழுக்க நியாயம் என்றேன். அறுபதில் முழுக்கக் கருவாடு என்று தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது பிரிக்கப் பார்ப்பதில்லை. எதுவானாலும் கை என்னுடையது.

தண்டல் மகன் சுங்கை பட்டாணியில் இருக்கிறான். நம் மலர் வெளியீட்டுக்கு அவனைக் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். அவன் பேரப்பிள்ளைகள் அந்தப் பதினோராம் பக்கத்தை வாசிக்கப்போகிறார்கள்.

ஆகையால் கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன், இந்தத் தோட்டத்தில் எனக்குக் கேட்கிற உரிமை உண்டு. மண்டபத்தை மக்கள் கட்டியதாகவே இருக்கட்டும். பாலத்தையும் சுவரையும் யார் பேரில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் மூன்றாவது மரத்து மங்கு என் வேலை. அம்மா என்னிடம் ஒப்படைத்த வேலை. அதில் வேறு ஆளுக்குப் பங்கு கிடையாது. பதினோராம் பக்கத்தில் தண்டல் என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பேரைப் போடுங்கள். முழுப் பேர், அப்பா பேரோடு. நன்கொடையாளர் பக்கத்தில் எனக்குப் போட்டிருக்கிற அதே பெரிய எழுத்தில்.